அம்மாச்சியின் 555 நோட்டுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் அம்மாச்சி சென்ற மாதம் தவறிவிட்டார். வயது 95. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1930இல் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, ஐந்து பிள்ளைகளை வளர்த்து, கடைசியில் டவுன் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கண்ணை மூடினார்.

அவருடைய அப்பாவை 1943இல் ஜப்பான்காரன் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனான், திரும்பவில்லை. கம்யூனிஸ்டு காலத்தில் காட்டில் இருந்தவர்களுக்கு ஒளித்துச் சோறு கொடுத்தாராம். 1974இல் தாத்தா இறந்ததும் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஈப்போவில் சேலை வாங்கித் தோட்டம் தோட்டமாகத் தவணைக்கு விற்றார். அப்போது அவருக்கு 44 வயது. எழுபது வயதில் காசிக்குப் போனார். 82 வயதில், யார் தடுத்தும் கேளாமல், அந்த ரயில் பாதை ஓடிய காஞ்சனாபுரிக்குப் போய்த் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தனோடு எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது, இணைத்திருக்கிறேன்.

இல்லையென்று வந்தவர் யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொடுத்துச் சிவந்த கரங்கள் ஐயா அவை. வற்றாத ஊற்று. தியாகச் சுடர்.

தலை திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போட நினைக்கிறோம். பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. மலரை ஆங்கிலத்தில் போடுவதா, தமிழிலா? இன்னொன்று: அம்மாச்சி தினமும் படுக்கப் போகும் முன் அரை கிளாஸ் ஸ்டவுட் (கறுப்பு பீர்) குடிப்பார். அதைப் போடலாமா? சின்னம்மாமார் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள்.

அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பை நிறைய 555 நோட்டுகள், சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டுகள், கிடைத்தன. எல்லாம் கடன் கணக்கு. 'பெரிய லயம் கடைசி வீடு – 40', 'கோழிக்கடை மருமகள் – 15' என்று இருக்கிறது. சில பெயருக்கு எதிரே 'கே.வே.' என்று ஒரு குறி, யாருக்கும் புரியவில்லை. மாமா கேரளா வேட்டி என்கிறார். அம்மாவுக்கு வரவேண்டிய கடன் அம்மாவோடு போகட்டும் என்று பழைய துணிமணியோடு அந்த நோட்டுகளையும் எரித்துவிடப் போகிறார். எவ்வளவு பெரிய மனது பாருங்கள்.

உங்கள் வழிகாட்டலை எதிர்பார்க்கும்,
ஒரு பேத்தி

*

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்த உடனே ஒரே வரியில் பதில் போட்டேன்: 'மாமா கைக்குத் தீப்பெட்டி எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.' நீங்கள் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காரணத்தை விளக்கமாக இங்கேயே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை இது.

95 வயது. கல்யாணச் சாவு என்பார்கள், சாப்பாடு போட்டுச் சிரித்துப் பேசி அனுப்புவார்கள். ஆனாலும் அம்மாச்சி அம்மாச்சிதான். பொறுமையாக அழுது தீருங்கள். யாரும் 'வயசாயிருச்சுல்ல' என்று ஆறுதல் சொல்ல வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேட்டதற்குப் பதில். தமிழில் போடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கச் சுருக்கம் போதும். வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கிற சின்னம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொல்லட்டும், அந்தச் சாக்கிலாவது இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். ஸ்டவுட்டைத் தாராளமாகப் போடுங்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று தொடங்கிக் கடைசிவரை விடாமல் குடித்த கிழவிகள் நம் தோட்டங்களில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நாலு பேர் இருந்தார்கள். சின்னம்மாமாருக்கும் அது தெரியும்.

காசி யாத்திரை ஒரு வரி போதும். சம்பந்தன் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். சம்பந்தன் தெரிகிறார், மாலை தெரிகிறது, உங்கள் அம்மாச்சி என்று நீங்கள் அம்புக்குறி போட்ட இடத்தில் யாருடைய முழங்கையோ தெரிகிறது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயாப் பணம்) திரட்டித் தோட்டம் வாங்கினார். அதில் அம்மாச்சிக்குப் பங்கு இருந்ததா? பங்குப் பத்திரம் அந்தப் பையில் இருக்கிறதா? இருந்தால் முழங்கைக்குப் பதிலாக அதைப் போடுங்கள்.

கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்ட கதைக்கு வருவோம். எல்லார் வீட்டுப் பாட்டியும் கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டிருக்கிறாள். அத்தனை சோறும் உண்மையாகவே உள்ளே போயிருந்தால் காட்டில் இருந்தவர்கள் தொப்பையோடு வெளியே வந்திருப்பார்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை. 1948 ஜூன் 16 காலையில் உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது, 1960 ஜூலை 31 வரை போனது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள், அரிசியை அளந்து கொடுத்தார்கள், காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது என்று வேலி வாசலில் பெண்களையும் சோதித்தார்கள். அந்த வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறு போனது என்றால் எப்படிப் போனது? பால் வாளியின் அடியிலா, கொண்டையிலா? யார் வந்து வாங்கினார்கள்? ஒன்றாவது தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், 18 வயதுப் பெண் வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போனாள் என்று எழுதுங்கள். அதற்குச் சாட்சி தேவையில்லை.

காஞ்சனாபுரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதை நீங்கள் 'யார் தடுத்தும் கேளாமல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் திரும்பக் கேட்டு எழுதிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னீர்கள். பேரன் காரில் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய், அங்கிருந்து ரயில் ஏறி, காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மாச்சி வரிசை வரிசையாக நடந்தாராம். ஒவ்வொரு கல்லாகக் காட்டி 'இதுல என்ன எழுதியிருக்கு' என்று பேரனைக் கேட்டாராம். பேரன் வெள்ளைக்காரப் பெயர்களாக வாசித்துக்கொண்டே வந்தானாம். நாலாவது வரிசையில் நின்று, 'எங்கப்பா இருக்குற பக்கம் எது' என்றாராம்.

அந்தப் பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை, தங்கச்சி. அந்த ரயில் பாதை, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஏராளம். மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டிக் கொண்டுபோனார்கள். வராதவர்களைத் தோட்டத்திலேயே வந்து லாரியில் ஏற்றினார்கள். காலராவில் விழுந்தவர்களைக் குவியலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லும் பெயரும் எப்படிக் கிடைத்தன? பட்டாளத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது. முகாமுக்குள்ளேயே, பிடிபட்டால் உதை என்று தெரிந்தும், யார் எந்தத் தேதியில் செத்தான், எங்கே புதைத்தோம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் காகிதங்களைத் தோண்டி எடுத்துத்தான் குழிகளைத் தேடினார்கள். நம் ஆட்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயர் இருந்தது. செக்ரோல் துரையோடு போயிற்று, அதை எழுதிய குமாஸ்தா கிராணியோடு போயிற்று, கறையானோடு போயிற்று. உங்கள் கொள்ளுத் தாத்தா எந்த முகாமில் இருந்தார், எந்த மாதம் செத்தார் என்று எழுதிவைத்த ஒரு காகிதம் உலகத்தில் எங்கேயும் இல்லை. தன் அப்பாவுக்கு ஒரு வரி எழுத்து இல்லாததை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனுஷி, தன் கையால் எழுதிச் சேர்த்து வைத்த ஒரு பை நோட்டை மாமா கொளுத்தப் போகிறார். நீங்கள் பெரிய மனது என்கிறீர்கள்.

தாயே, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமா நல்ல மனிதர், சந்தேகமில்லை. கடனைத் தள்ளுபடி செய்ய ஆசைப்பட்டால் அதற்கு வாய் போதும். 'அம்மாவுக்கு யாரும் எதுவும் தர வேண்டாம்' என்று கோயிலில் நாலு பேர் முன்னால் சொல்லிவிடட்டும். அதற்கு நோட்டு என்ன பாவம் செய்தது?

இப்போது என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. எங்கள் தோட்டத்தில் அவளைக் கருமி என்பார்கள். என் அம்மாவே அப்படித்தான் சொல்வாள். ஒரு வாய் வெற்றிலை கேட்டால் காம்பைக் கிள்ளி வைத்துக்கொண்டு கொடுப்பாள் என்று கதை. அவளும் பால் வெட்டியவள்தான். விடிவதற்குள் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், ஐந்நூறு மரத்துக்குக் குறையாத நிரையை வெட்டி முடித்து, வெயில் ஏறிப் பால் நிற்கும்வரை காத்திருந்து, பால் வடியும் மங்குகளைக் கவிழ்த்து வாளியில் சேர்த்து, காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வருவாள். அது எல்லாரும் செய்ததுதான். எல்லாரும் செய்யாதது, அவள் கூட்டு, அதாவது ஏலச் சீட்டு, நடத்தினாள்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு பெண்கள். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. சம்பளத்தில் நூறு வெள்ளி முழுதாகக் கைக்கு வந்தால் அது நல்ல மாதம் என்று இருந்த காலம். முதல் மாதப் பணம் கூட்டு நடத்துகிறவளுக்கு. மற்ற பதினோரு பேர் பத்துப் பத்தாகப் போட அத்தைக்கு 110 வெள்ளி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரத்தில் இருக்கிறவள் 'ரெண்டு வெள்ளி தள்ளிக்குறேன்' என்பாள். ஏற்கெனவே எடுத்துவிட்டதால் அத்தை பத்து போடுவாள், இன்னும் எடுக்காத பத்துப் பேர் எட்டு எட்டாகப் போடுவார்கள், அவசரக்காரிக்கு 90 வெள்ளி உடனே கைக்கு வரும். கடைசிவரை பொறுத்திருப்பவளுக்கு லாபம். பேங்குக்காரன் லயத்துப் பெண்ணை வாசற்படி ஏறவிடாத நாளில் மகளின் கல்யாணம், மகனின் பள்ளிக்கூடம், தகரக் கூரை, தையல் மெஷின் எல்லாம் இதில்தான் நடந்தன. யாராவது எடுத்துவிட்டு ஓடிப்போனால், நடத்துகிறவள் தன் கையிலிருந்து போட வேண்டும். முதல் மாதப் பணம் அவளுக்கு வருவது அந்தப் பொறுப்புக்குத்தான். 1971இல் கூட்டுக்குத் தடை போட்டுச் சட்டமே வந்தது. அத்தையின் காதில் அது விழவேயில்லை, விழுந்தாலும் காதுக்குள் போயிருக்காது.

அத்தைக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒவ்வொருத்திக்கும் ஒரு படம் வரைந்திருப்பாள். ஓயாமல் பேசுகிறவளுக்குக் கிளி. ஒருத்திக்குக் குடை. ஒருத்திக்குப் பாதி தேங்காய். ஒருத்திக்கு மீன், அவள் புருஷன் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டே கிடப்பான். சம்பள நாள் சாயங்காலம் லயத்துப் படியில் உட்கார்ந்து, முட்டி மேல் நோட்டை வைத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டுப் படத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பாள். அழுத்தி இழுப்பதில் பின்பக்கம் தடம் விழும். அந்தக் கோடு விழாமல் எந்தப் பெண்ணையும் அவள் வீட்டைத் தாண்டிப் போகவிட மாட்டாள்.

குடை ஒரு மாதம் கூட்டை எடுத்தாள். பணத்தைப் புருஷன் பிடுங்கிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போய்விட்டான். அடுத்த மாதம் கோடு விழவில்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. அத்தை நேரே போய் அவள் மூக்குத்தியைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மைலோ டின்னில் அது வெகுநாள் கிடந்தது. தோட்டமே அவளைத் திட்டியது. தாலியும் அந்த மூக்குத்தியும் தவிர ஒரு பொட்டுத் தங்கம் இல்லாதவளிடம் போய்க் கழற்றினாளே பாவி என்று. குடையின் மகள் வயசுக்கு வந்த சடங்குக்கு முதல் நாள் இரவு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போதும் பாக்கி தீர்ந்திருக்கவில்லை.

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை நோட்டில் இருந்தது. அத்தை போன பிறகு மிஞ்சியது ஒரே ஒரு நோட்டு, 1970ஆம் வருடத்தது. மற்றவை லயத்தை இடித்தபோது போயின.

அந்த வருடம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், மறுவருடம் மே இனக் கலவரத்துக்குப் பிறகு இறுகியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், குடியுரிமை இல்லாதவர்கள், வேலை பெர்மிட் எடுக்க வேண்டும். இங்கேயே முப்பது நாற்பது வருடம் மரம் வெட்டியவர்கள் அவர்கள். ஏறத்தாழ 60,000 பேர் ஊருக்கே திரும்பினார்கள். எங்கள் லயத்தில் போனது கிளியின் குடும்பம். பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. டிரங்குப் பெட்டி, பாய்ச் சுருட்டு, ஒரு கூண்டில் உண்மையான கிளி. கூண்டோடு ஏறவிட்டார்களா என்று தெரியவில்லை.

நோட்டில் பார்த்தால், மூன்றாவது மாதக் கூட்டைக் கிளிதான் எடுத்திருக்கிறாள். அந்த மாதம் ஏலத் தொகை இருக்க வேண்டிய இடம் காலி. தள்ளுபடி இல்லாமல் முழுப் பணத்தையும் அத்தை அவள் கையில் கொடுத்திருக்கிறாள். நான்காவது மாதத்துக்குள் கிளி கப்பல் ஏறிவிட்டாள். ஆனால் கிளிப் படத்துக்குக் கீழே பன்னிரண்டாவது மாதம் வரை கோடு விழுந்துகொண்டே இருக்கிறது. ஒன்பது கோடு. 90 வெள்ளி. நாகப்பட்டினத்திலிருந்து யாரும் மாதம் பத்து வெள்ளி அனுப்பியிருக்க முடியாது. போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஊரறியக் கருமி என்று பெயரெடுத்தவள், ஒரு வருஷக் கூட்டில் ஒன்பது மாதம் இரண்டு பேர் பங்கைப் போட்டிருக்கிறாள். வாயைத் திறக்கவில்லை. பென்சில் தடம் மட்டும் பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது.

இதற்குத்தான் 'கொடுத்துச் சிவந்த கரங்கள்' என்பதை வாசித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. உங்கள் அம்மாச்சியைத் தெய்வமாக்கி அவருடைய மூளையைப் பிடுங்கிவிட்டீர்கள். 'வற்றாத ஊற்று' என்றால் பணம் தானாக ஊறியதா? ஐந்து பிள்ளைகளோடு 44 வயதில் தனியாக நின்றவர் அவர். ஒரு சேலைக்கு எத்தனை தவணை, எந்த வீட்டில் சம்பள நாளன்றே கேட்க வேண்டும், எந்த வீட்டில் மாமியார் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும், யாரிடம் அதட்ட வேண்டும் என்று தெரிந்து வாங்கியிருக்கிறார். கோழிக்கடை மருமகளிடம் கறாராக வாங்கியதால்தான் பெரிய லயத்துக் கடைசி வீட்டுக்கு நாற்பது வெள்ளி கொடுக்க முடிந்தது. என் அத்தை மூக்குத்தியைக் கழற்றாமல் இருந்திருந்தால் கிளிக்கு ஒன்பது கோடு போட்டிருக்க முடியாது. வசூலிக்கத் தெரியாதவன் கொடுத்தால் மூன்றாவது மாதம் கடையைச் சாத்துவான். ஆண்கள் இப்படிச் செய்தால் தொழிலதிபர், வள்ளல் என்று மண்டபத்துக்குப் பெயர் வைக்கிறோம். பெண்கள் செய்தால் தியாகச் சுடர் ஆக்கி, கணக்கு நோட்டை எரிக்கிறோம். உங்கள் ஊரிலேயே எத்தனை கண்ணீர் அஞ்சலி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஒரு படம், பிறப்பு, இறப்பு, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்தி என்று முப்பது பெயர். அந்த அம்மாள் என்ன வேலை செய்தாள் என்று ஒரு வார்த்தை? எந்தத் தோட்டம், எத்தனை மரம்? ஒன்றும் இருக்காது. 1930களில் பல இடங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசுக் குறைவு செத்த பிறகும் தொடர்கிறது.

சரி, நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பீர்கள். வருட வாரியாக அடுக்குங்கள். தேதி இல்லாவிட்டால் சேலை விலையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எந்த மாதத்தில் கடன் கூடுகிறது என்று பாருங்கள். தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், துளிர் முற்றும்வரை பால் குறையும், சம்பளமும் குறையும். வருடக் கடைசியில் மழை. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. அதே நேரத்தில் தீபாவளி, ஜனவரியில் பள்ளிக்கூடம். அம்மாச்சியின் நோட்டில் கடன் ஏறி இறங்குவது மரத்தைப் பார்த்து ஏறி இறங்கியிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய வருடத்தைப் பாருங்கள். ரப்பரில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரை வெட்டினார்கள். செம்பனையில் குலை அறுப்பது ஆண் வேலை, பெண்ணுக்கு உதிர்ந்த பழம் பொறுக்குவதும் மருந்து அடிப்பதும். பெண் கையில் காசு சுருங்கினால் சேலைத் தவணை சுருங்கும். எந்த நோட்டில் சுருங்குகிறது? எந்த வருடத்திலிருந்து 'பெரிய லயம்' என்பதே வராமல் 'தாமான்' என்று வரத் தொடங்குகிறது? கடைசி நோட்டுகளில், புதிதாக வேலைக்கு வந்த வங்காளதேசத்து ஆட்களின் பெயர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எனக்கு அவசியம் எழுதுங்கள். நினைவு மலரில் அவர் ஹோண்டா ஓட்டிய படத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நோட்டுப் பக்கத்தை அப்படியே அச்சடியுங்கள். கடன்பட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில்தான் இருப்பார்கள் என்பதால் அடையாளம் தெரியாத பக்கமாகப் பார்த்துப் போடுங்கள். பெயர்கள் வீட்டோடு இருக்கட்டும்.

'கே.வே.'க்கு என் ஊகம் ஒன்று உண்டு. கேரளா வேட்டி இல்லை. மாமாவுக்கு வேட்டி மேல் அப்படி என்ன கண்ணோ. தவணை வியாபாரம் செய்கிறவர்கள் பையனையோ பேத்தியையோ வசூலுக்கு அனுப்பும்போது, எந்த வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று நோட்டில் குறித்துக் கொடுப்பார்கள். கேட்க வேண்டாம். சரிதானா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். கே.வே. விழுந்த பெயரெல்லாம் எந்தெந்த மாதத்தில் விழுந்திருக்கிறது, அந்த வீட்டில் அப்போது சாவா, வேலை போனதா, ஆள் விட்டுப் போனானா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். அதைவிட முக்கியம், கே.வே. போட்ட பிறகும் அந்தப் பெயருக்கு நேரே டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது தெரியும். அவர்களுக்கும் மலரில் ஒரு பத்தி வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்னால் இன்னொன்று. எல்லா நோட்டையும் புரட்டி, மாமாவின் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று முதலில் தேடுங்கள். மூத்த மகன், கல்யாணம் ஆனவர், அம்மா கையில் ரொக்கம் இருந்த வீடு. வராமல் இருக்காது. எதிரே கே.வே. இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்